கல்வாழை செய்கிற வேலையும் செய்யாத வேலையும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



தோட்டக் குழு அக்காமார் ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. "கல்வாழை அழுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணும்னு நீதானே சொன்னே? அப்போ தோல் தொழிற்சாலைத் தண்ணி வர்ற ஓடையிலும் அதை வெச்சுட்டு, கரையில கீரை போட்டா என்ன?" நல்ல கேள்வி. நம்ம வருமானமும் இதில் இருக்கு.

முதல்ல வீட்டுத் தண்ணி. அரிசி களைஞ்சது, பாத்திரம் கழுவினது, குளிச்சது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்குத் தீனி. ஜல்லியிலும் கல்வாழை வேரிலும் வழவழன்னு ஒரு படலம் பிடிக்குதே, அங்கேதான் அவை குடியிருக்கின்றன. அழுக்கைத் தின்று அவை விடுகிற சத்தைச் செடி எடுத்துக்கொள்கிறது. இலை அப்படித் தளதளன்னு நிற்பது அதனால்தான். எண்ணெயும் பருக்கையும் முதல் குழியிலேயே தங்கணும், இல்லாட்டி ஜல்லி அடைச்சுக்கும். ஆசிட், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணியை அதில் ஊத்தாதீங்க, நுண்ணுயிர் செத்துப்போகும்.

தோல் பதனிடும் தண்ணி வேற. அதில் இருக்கும் குரோமியம் ஒரு உலோகம். எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்க முடியாது. சில வகை, குரோமியத்தின் கொடிய வடிவத்தைக் கொஞ்சம் சாதுவானதா மாத்தும், அவ்வளவுதான். உலோகம் மண்ணிலேயே கிடக்கும், இல்லைன்னா செடிக்குள்ளே போகும். அமெரிக்காவில், ஃபுளோரிடாவில், ஆர்சனிக் நஞ்சை இலையில் சேர்த்துவைக்கும் ஒரு பெரணிச் செடியைப் பற்றி 2001-ல் வெளியிட்டாங்க. அந்த இலையை அறுத்துத் தனியா அப்புறப்படுத்தினால்தான் மண்ணில் நஞ்சு குறையும். அங்கேயே உதிர்ந்து மக்கினால் பழைய இடத்துக்கே வந்துடும்.

அதனால ஓடைக்கரையில் கீரை வேண்டாம். அங்கே வளருகிற புல்லை ஆட்டுக்கும் போட வேண்டாம். வெட்டிவேர் வைக்கலாம், ஆழமா வேர் விட்டு மண்ணைப் பிடிச்சுக்கும். ஆனா அந்த வேரைப் பிடுங்கி, பானைத் தண்ணியில் போட யாருக்கும் விற்கக் கூடாது. நல்ல விலை கிடைக்கும்னு தெரியும், அதனாலதான் இதை அழுத்திச் சொல்றேன்.

நம்ம மண்வள அட்டையில் 12 விஷயம் பார்க்கிறாங்க. அதில் குரோமியம் கிடையாது. அட்டை நல்லா இருக்குன்னு கீரை விதைச்சுடாதீங்க. தனியாகக் கேட்டு, காசு கட்டித்தான் பார்க்கணும். மண்ணுக்கும் கிணத்துத் தண்ணிக்கும் அந்தப் பரிசோதனைச் செலவைக் கூட்டமைப்பு நிதியிலிருந்து கொடுக்கணும்னு தீர்மானம் முன்மொழிகிறேன். முடிவு வரும்வரை விதைக்கு ஒதுக்கின பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.