ஆயிரம் ரூபாயின் கணக்கு



2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று அறிவிக்கப்பட்டபோது ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். அப்போது நம் நாட்சம்பளம் ஐந்து டொலர். 2022 மே மாதம் டொலர் 360 ஐத் தொட்டது. செக்றோலில் அதே ஆயிரம்தான். பெறுமதியோ மூன்று டொலர்கூட இல்லை.

டொலர் நமக்கெதற்கு என்று கேட்பீர்கள். கோதுமை டொலர் கொடுத்தால்தான் கப்பலில் வரும். நாம் பறிக்கும் கொழுந்தும் தேயிலையாகி டொலருக்குத்தான் போகிறது. ரூபாய் விழுந்தால் கடையில் மா விலை ஏறும். கொழும்பு ஏலத்தில் தேயிலைக்கும் கூடுதல் ரூபாய் கிடைக்கும். உரமும் எரிபொருளும் கம்பனிக்கும் விலையேறின, மறுக்கவில்லை. நம் சம்பளம்தான் அசையவில்லை.

2024 இல் 1,350 ஆனது. டொலர் அப்போது 300 அளவில். பிள்ளைகளிடம் கொடுத்து வகுக்கச் சொல்லுங்கள்: நாலரை. பழைய ஐந்தைக்கூட எட்டவில்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் தொகையோடு, விலைவாசிக்கேற்ப ஏறும் வாழ்க்கைச் செலவுப் படியையும் கேட்போம்.