வடக்குத் தெருவுக்கும் கேட்கட்டும்



கவியரசு கண்ணதாசனைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். சிறுகூடல்பட்டி அந்நாளில் நமது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது என்பதால் அவர்பால் நமக்கு ஓர் உரிமை உண்டு. 1957-இல் திருக்கோஷ்டியூரில் தேர்தலுக்கு நின்ற அவரைத் தோற்கடித்த புண்ணியமும் நம் ஜில்லாவுக்கே உண்டு.

அவர் ரவீந்தரோடு சேர்ந்து வசனம் எழுதி 1958-இல் வெளியான ‘நாடோடி மன்னன்’ இராமநாதபுரத்துக்கு வந்தபோது, பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்து, கச்சான் காற்று முகத்தில் அறைய, பத்து மைலோ பன்னிரண்டு மைலோ மிதித்துக் கொட்டகைக்குக் கூட்டிச் சென்றான் ஒரு சினேகிதன். அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் கைதட்டுவதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் டிக்கெட்டுக்குக் காசில்லை என்பதை நான் சொல்லாமலே அறிந்துகொண்ட மகாபுருஷன் அவன்!

கவிஞரிடம் வருகிறேன். 1961-இல் ஈ.வெ.கி. சம்பத்தோடு கழகத்தைவிட்டு வெளியேறிய பின், பழைய நண்பர்களைப் பேச்சிலும் எழுத்திலும் அவர் சாடியதற்குக் கணக்கில்லை, எம்.ஜி.ஆரும் தப்பவில்லை. அப்படிச் சாடப்பட்டவரே முதலமைச்சராகி, 1978-இல் அவரை அரசவைக் கவிஞராக்கினார். 1981 அக்டோபர் 17-இல் சிகாகோவில் கவிஞரின் உயிர் பிரிந்தது, எம்.ஜி.ஆர். தம் கட்சியைத் தொடங்கி அன்றைக்குச் சரியாக ஒன்பது ஆண்டு.

அந்தக் கட்சி பிறந்த 1972-இல் இங்கே என்ன நடந்தது? அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். டீக்கடை இரண்டாயிற்று, முடிவெட்டும் கடைகூட இரண்டாயிற்று. இந்தக் கரையோரத்தில் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் ஆயிரம் இருக்கும், ஆயிரமில்லாவிட்டால் ஐந்நூறு! சென்னையில் வைதவரும் வையப்பட்டவரும் கூடிக்கொண்ட பிறகும், அவர்கள் கைவிட்ட விரோதத்தை, பிதுரார்ஜித சொத்தைப் போல, நாமல்லவா பத்திரமாகக் காப்பாற்றினோம்!

இன்னும் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய அழைப்பிதழில் அவன் பெயரை அச்சிட்டால் நன்கொடை கிடையாது என்று சொல்லியனுப்பிய கனவான்களே, சொந்தக் காசில் ஒரு படமாவது பார்த்திருக்கிறீர்களா? உங்களுக்குத் தலைவரும் இலவசம், பகையும் இலவசம்!

தலைவர் மணியைத் தொடுகிறார். கவிஞரைப் பற்றிப் பாதிகூடச் சொல்லவில்லை. போகட்டும். ஒலிபெருக்கித் தம்பி, அந்தக் குழாயை வடக்குத் தெருப் பக்கம் திருப்பு. வாடை எதிர்த்து அடிக்கிறது. அவனுக்குக் காதும் முன்போல இல்லை.