மறந்தவரும் அவரை ஆய்ந்தவர்களும்



நினைவைப் பாடாத கவிஞர் இவ்வரங்கில் இரார். ஆகவே நினைவை இழந்த ஒருவரையும் அவரை ஆய்ந்த ஆய்வுக்கூடத்தாரையும் பற்றிப் பேச விழைகின்றேன்.

அமெரிக்கரான ஹென்றி மோலைசன் கடும் வலிப்பு நோயினர். 1953இல், அவருடைய 27ஆம் வயதில், அறுவை மருத்துவர் வில்லியம் ஸ்கோவில் அவர் மூளையின் இருபுறத்தும் ஹிப்போகேம்பஸ் பகுதியின் பெரும்பங்கை அகற்றினார். வலிப்புத் தணிந்தது; ஆனால் அன்றன்று நிகழ்வன எவையும் அவர் நினைவில் தங்காமற் போயின.

மாண்ட்ரீலிலிருந்து வந்த உளவியலறிஞர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து விண்மீன் வடிவொன்றை வரையச் செய்தார். மூன்றே நாளில் கை தேர்ந்துவிட்டது. முன்பு வரைந்ததையோ அவர் அறியார். கைக்கு ஒரு நினைவும் உள்ளத்துக்கு வேறொரு நினைவும் உண்டென்பது புலனாயிற்று. (யாப்புப் பழகியோர் சீர் எண்ணுவதில்லை அல்லவா?)

மில்னரின் மாணவி சூசன் கார்க்கின் 1962இல் அவரைச் சந்தித்தார். பின்னர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 46 ஆண்டுப் பழக்கம்! ஆயினும் ஒவ்வொரு முறையும் புதியவராகவே அவர்முன் நின்றார். பள்ளியில் உடன் பயின்றவரோ என்று மட்டும் ஹென்றிக்குத் தோன்றுமாம். அவர் பெயர் வெளிப்படாமல் ‘எச்.எம்.’ என்னும் ஈரெழுத்துக்குள் காத்தனர் அக்கூடத்தார். எனினும், கையெழுத்திட்டதையே மறந்துவிடுபவரிடம் பெறும் இசைவு இசைவாகுமா? 2016இல் வெளிவந்த நூலொன்று இவ்வினாவை வன்மையாக எழுப்பியது. அக்கூடத்தாரின் அன்பு மெய்யானது. அவ்வன்பே இவ்வினாவுக்கு விடையாகிவிடாது என்பது என் துணிபு.

2008 டிசம்பரில் ஹென்றி மறைந்தார். பெயரை உலகம் அப்போதுதான் அறிந்தது. அன்றிரவே அவர் மூளையைப் படமெடுத்தனர். மறு ஆண்டு சான் டியேகோவில் யாகோபோ அன்னீசே குழுவினர் 53 மணி நேரம் விழித்திருந்து அதனை 2401 மெல்லிய சீவல்களாக்கினர்.