48 மணி நேரத்தில் சீர்திருத்தப் படம்
(வாலிபர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



சிறு படம் எடுக்கப் புறப்பட்டிருக்கும் வாலிபத் தோழர்களுக்கு யோசனை சொல்லும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் படம் பிடிக்கிறவர்களல்ல, பார்க்கிறவர்கள். ஆதலால் அந்த வித்தையைக் கற்றுக்கொடுக்க வரவில்லை. இரண்டே நாளில் முடிக்க வேண்டியிருப்பதால் விஷயம் கெட்டுப்போகிறது என்று சிலர் குறைப்பட்டுக்கொள்ளுகிறார்களே, அது உண்மைதானா என்பதைப்பற்றி மாத்திரமே பேச எண்ணுகிறோம்.

இந்த 48 மணி நேரப் பந்தயம் 2001-ம் வருஷம் அமெரிக்காவில் வாஷிங்டன் பட்டணத்தில் துவங்கியது. எந்த வகைக் கதை என்பதற்குச் சீட்டெடுப்பார்கள். ஒரு பாத்திரம், ஒரு சாமான், ஒரு வசனம் இன்னதென்று கொடுப்பார்கள். கதை எழுதி, நடித்து, பிடித்து, வெட்டி ஒட்டி 48 மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். நல்ல விளையாட்டுத்தான்.

ஆனால் ஏறக்குறைய எழுபது வருஷத்துக்கு முன்பே அதை வேலையாகச் செய்தவர்கள் உண்டு. 1932-ல், பெரியார் ஈ.வெ.ரா. சோவியத் ரஷ்யாவில் சுற்றுப்பிரயாணம் செய்த அதே வருஷத்தில், மெத்வேத்கின் என்பவர் ஒரு ரயிலையே படக் கம்பெனியாக்கிக்கொண்டு புறப்பட்டார். மூன்று வண்டிகள், முப்பத்திரண்டு பேர். படச்சுருள் கழுவ இடம், வெட்டி ஒட்ட மேஜை, படுக்கப் பலகை எல்லாம் அதற்குள்ளேயே. பகலில் சுரங்கத்திலோ பண்ணையிலோ பிடிப்பது, ராத்திரி கழுவி உலர்த்துவது, கூடியவரை மறுநாளே அதே ஆட்களுக்குப் போட்டுக் காட்டுவது. பேசாப் படந்தான். ஒரு வருஷத்துக்குள் எழுபது படங்கள்வரை எடுத்தார்கள்.

கிரிவோய் ரோக் இரும்புச் சுரங்கத்தில் எடுத்த படத்துக்கு "சுரங்கத் தோழரே, எப்படி வாழ்கிறீர்?" என்று பெயர். தொழிலாளி எத்தனை டன் வெட்டினான் என்பதை விட்டு, அவன் படுக்கிற இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்த படம் அது. இம்மாதிரிப் படம் முடிந்து விளக்கைப் போட்டதும் விவாதம் ஆரம்பமாகும். படம் பாதி, பேச்சு பாதி.

இதிலிருந்து தெரிவதென்ன? அவசரம் படத்தைக் கெடுப்பதில்லை. அவசரத்தில் கைக்குக் கிடைத்த பழைய சரக்கை எடுத்துக்கொள்ளுவதுதான் கெடுக்கிறது. தீண்டாமையைப்பற்றி நம் வாலிபர்கள் எடுக்கும் படத்தைப் பாருங்கள். ஒரு கிழவி அழுகிறாள். பின்னால் சோக வாத்தியம். மேல் ஜாதிப் பிள்ளையாண்டான் ஒருவன் மனமிரங்குகிறான். கடைசியில் எல்லோரும் சமம் என்று ஓர் எழுத்து. எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரியாது. பார்க்கிறவன் கை தட்டிவிட்டுப் பழையபடி வீட்டுக்குப் போகிறான். புராணக்காரன் சாமி வந்து காப்பாற்றினார் என்கிறான். நாம் மேல் ஜாதிக்காரன் வந்து காப்பாற்றினான் என்கிறோம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம், தோழர்களே?

உங்கள் ஊரில் சுடுகாடு எத்தனை? யார் பிணம் ரஸ்தாவில் போகிறது, யார் பிணம் வயல் வரப்பில் சேற்றை மிதித்துக்கொண்டு போகிறது? அந்த இரண்டு வழியையும் நடந்து பிடித்துவிடுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு அது தாராளம். கண்ணீர் வேண்டியதில்லை.

ஒன்றில் மாத்திரம் அவசரம் கூடாது. படத்தில் பேசுகிறவரின் சம்மதத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். முகம் தெரிந்தால் கூலி வேலை போய்விடும் என்று அவர் பயந்தால் முகத்தை விட்டுவிடுங்கள். பந்தயம் முடிந்ததும் நீங்கள் பஸ் ஏறிவிடுவீர்கள். அவர் அங்கேயே அல்லவா குடியிருக்க வேண்டும்?

நிற்க. ரயிலைப் புகழ்ந்துவிட்டதால் அதன் குறையை மறைக்க நமக்கு அவசியமில்லை. அது சர்க்கார் வண்டி. கிரிவோய் ரோக் இருக்கிற அதே உக்ரெயினில் 1932-33-ல் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். தானியத்தை வாரிக்கொண்டு போன மேலிடத்தைக் கேள்வி கேட்க அந்த வண்டிக்குத் தைரியமோ உரிமையோ இல்லை. கீழே இருக்கிற அதிகாரியின் சோம்பலைக் காட்டியதோடு சரி. உங்கள் பந்தயத்துக்கும் பணம் கொடுக்கிற பிரபு ஒருவர் இருப்பார். அவரைக் குறைசொல்லும் படத்தையும் ஏற்றுக்கொள்ளுவார்களா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பரிசை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு வேஷ்டியைத் திரையாகக் கட்டி, படம் பிடித்த தெருவிலேயே போட்டுக் காட்டுங்கள். அடி விழாத இடமாகப் பார்த்து நின்றுகொள்ளுங்கள்!

நேரமாகிவிட்டது. ஆட்சேபணையுள்ள தோழர்கள் மேடைக்கே வந்து கேட்கலாம்.