பந்தும் பணியும்



மாலை நேரத்தில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளிலே பள்ளி மைதானங்களில் பெண்கள் கைப்பந்து ஆடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நன்றாக ஆடும் பெண்ணை எல்லோரும் புகழ்கிறார்கள். ஆனால் வீடு திரும்பியதும் தாயார் ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்தப் பந்து நாளைக்குச் சோறு போடுமா?" இது இகழத்தக்க கேள்வியன்று. இதற்கு நேர்மையான விடை கூறுவதே என் நோக்கம்.

1895ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள ஹோலியோக் என்னும் ஊரில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன் இவ்வாட்டத்தை வகுத்தார். ஓய்வுநேரப் பொழுதுபோக்காகத் தோன்றிய அது, இன்று பல நாடுகளிலே ஊதியம் தரும் தொழிலாகிவிட்டது. தென் கொரியாவின் கிம் யோன்-கியோங் என்ற வீராங்கனை 2009இல் ஜப்பானுக்கும் 2011இல் துருக்கிக்கும் சென்று, அந்நாட்டுக் கழகங்களுக்காக ஆடினார். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அவருடைய நாடு நான்காம் இடமே பெற்றது. எனினும், மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவரையே அடைந்தது.

நம் நாட்டு நிலை வேறு. 2019இல் புரோ வாலிபால் லீக் தொடங்கியது. அதன் இறுதிப் போட்டி சென்னையிலேயே நடந்தது. 2022இல் பிரைம் வாலிபால் லீக் பிறந்தது. இவ்விரண்டும் ஆடவர்க்கென ஏற்பட்டவை. அப்படியாயின் நம் பெண்கள் எதை நம்பி ஆடினார்கள்? உத்தியோகத்தை நம்பி ஆடினார்கள். ரயில்வே நிர்வாகமும் கேரள மின்வாரியமும் வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்து, அணி அமைத்து, ஆட விட்டன. தேசியப் பந்தயங்களிலே ரயில்வே மகளிரும் கேரள மகளிரும் ஓங்கி நின்றதற்கு இதுவே முக்கிய காரணம். அந்தக் கேரளத்திலிருந்துதான் ஏலம்மாவும் (1975) சாலி ஜோசப்பும் (1984) அர்ஜுனா விருது பெற்றனர்.

வேலை பார்த்துக்கொண்டே ஆடுவது தாழ்வாகுமா? ஆகாது. 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கைப்பந்து முதன்முதலாக இடம்பெற்றது. சோவியத் அணியை வென்று தங்கம் பெற்ற ஜப்பானியப் பெண்களுள் பெரும்பாலோர் ஒரு நூற்பாலையின் ஊழியர்கள்! பகலில் வேலை, மாலை முதல் நள்ளிரவு வரை பயிற்சி என்பதே அவர்கள் கண்ட வாழ்வு.

மற்றொன்றையும் மறவாதீர்கள். தாவிக் குதிக்கும் முழங்கால் முதுமை வரை துணை நில்லாது. ஆடும் காலம் குறுகியது. அதன்பின் வரும் வாழ்வோ நெடியது. ஆகவே பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடாதீர்கள். ஆட்டம் ஓய்ந்தபின் பயிற்சியாளராகலாம், உடற்கல்வி ஆசிரியராகலாம். 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது. வண்டலூருக்கு அப்பால் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. தாம்பரத்துப் பெண்ணுக்கு இரண்டும் எட்டாத தொலைவல்ல.

ஆகவே அந்தத் தாயாருக்கு நாம் கூறும் விடை இது: "அம்மா, பந்து மட்டும் சோறு போடுமென்று உறுதி கூற இயலாது. ஆனால் பந்தும் படிப்பும் சேர்ந்தால் உத்தியோகத்துக்கு வழி திறக்கும்." ஆடவருக்கு அமைந்ததுபோல் மகளிர்க்கும் நிலையான தொழில்முறைப் பந்தயங்கள் அமைந்து, அவற்றைக் காண நாமும் திரண்டு சென்றால், பிற்காலத் தாய்மார்கள் இக்கேள்வியைக் கேட்கவேண்டிய அவசியமே இராது.