வழி சொல்லும் பலகைகள்

 

வெளியூர் போகிறோம். வழி கேட்டுப் போவதில் தவறில்லை. ஆனால் நள்ளிரவில் ரயில் நிற்கிறது. பெட்டியில் எல்லோரும் தூங்குகிறார்கள். யாரைக் கேட்பது? அப்போது நமக்குத் துணை பெயர்ப் பலகைதான்.

ரயில் நிலையத்தின் ஊர்ப் பலகையைப் பாருங்கள். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. ஏன் இப்படி? மஞ்சளில் கறுப்பு தூரத்திலேயே பளிச்சென்று தெரியும். ஊர்ப் பெயர் மாநில மொழியிலும், இந்தியிலும், ஆங்கிலத்திலும் இருக்கும்.

"வேலைக்கு மகாராஷ்டிரா போனால் பலகையில் தமிழ் இருக்காதே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அங்கே எண்கள் கைகொடுக்கும். 2010 டிசம்பர் முதல் ரயில்களுக்கு 5 இலக்க எண் உண்டு. முன்பதிவு டிக்கெட்டிலும் அந்த எண் இருக்கும். டிக்கெட்டில் உள்ள எண்ணும் ரயிலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஏறுங்கள்.

சாலைப் பலகைகளுக்கு வடிவமும் ஒரு மொழி. சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை. முன்னே வளைவு இருக்கலாம், பள்ளிக்கூடம் இருக்கலாம். சிவப்பு விளிம்புள்ள வட்டம் கட்டளை. அதை மீறக் கூடாது. நீல நிறச் செவ்வகம் தகவல். மருத்துவமனை, பெட்ரோல் பங்க் இருக்குமிடத்தைச் சொல்லும். "நில்" என்ற பலகைக்கு மட்டும் எட்டு மூலை. சேறு படிந்து எழுத்து மறைந்தாலும் வடிவத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

சாலையோரக் கல்லின் தலையையும் கவனியுங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை. கல்லில் உள்ள எண், ஊருக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று காட்டும். மைல்கல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். கணக்கு இப்போது கிலோமீட்டரில்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இரவில் ஒருவருக்குப் பிரசவ வலி. 108 வண்டி வருகிறது. சாலை பிரியும் இடத்தில் நம் ஊர்ப் பலகை இருக்கிறதா? அதன்மேல் யாராவது சுவரொட்டி ஒட்டியிருக்கிறார்களா? பெயர் மறைந்தால் ஓட்டுநர் எந்தப் பக்கம் திரும்புவார்? அங்கே போகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் சம்பந்தப்பட்டது.

நாளை மாலை எல்லோரும் போய்ப் பார்ப்போம். சுவரொட்டி இருந்தால் கிழித்து, கழுவி விடுவோம். பலகையே இல்லை என்றால் ஊராட்சிக்கு மனு எழுதுவோம். மனுவை நீங்களே எழுதுங்கள். எழுதக் கற்றவர்கள் நீங்கள்.