கைவிடப்பட்ட படகும் கைத்தொழில் அறிவும்
(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

‘கல்வியும் முன்னேற்றமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எனக்குக் கட்டளையிட்டிருந்தனர். அப்பொருளில் என்னினும் வல்லவர்கள் இம்மேடையிலேயே அமர்ந்திருக்கின்றனர். ஆகவே பழுதுபட்ட மோட்டார் படகு ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி பெற்றுக்கொண்டேன். மலையடிவாரத்து ஊராகிய போடிநாயக்கனூரில் படகுப் பேச்சு எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். போடிமெட்டுக்கு அப்பால் ஏலத்தோட்டம் ஒன்றில், காய் உலர்த்தும் ஸ்டோரின் பின்புறம், பதினாறடிப் படகு ஒன்று தன் டிரெய்லர் மீதே பல மழைக்காலம் நனைந்து கிடக்கிறது. அதனைப் பழைய விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, ஏரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டலாம் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். டீசல் மெக்கானிக் பயிற்சி முடித்தவர்கள் அவர்கள். முதலுக்குத் தம் அன்னையரின் நகையை அடகு வைக்கவும் துணிந்துவிட்டனர். ஆகவே இதனை விளையாட்டுப் பேச்சாக நான் கருதவில்லை.

கேட்பாரற்றுக் கிடக்கும் பொருள் எல்லாம் செத்த பொருள் அன்று. நம் மலையிலேயே இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1902ஆம் ஆண்டில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஒன்று அமைத்தனர். முதன்மைச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருள, பக்கச் சக்கரம் தரையில் ஓடி வண்டியைச் சாயாமல் தாங்கும். எருதுகள் அதனை இழுத்தன. 1908இல் அதற்குப் பதிலாகச் சிறு ரயில் வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலையும் அழித்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலைப் பெட்டிகள் நம் போடி வழியாகவே வெளியூர் சென்றன. அம்மலைக்குக் குரங்கணி வழியே கால்நடையாக ஏறிக் கூலி வேலை பார்த்த நம் முன்னோர் பலர் அவ்வண்டியைக் கண்ணால் கண்டிருப்பர். இன்று அதில் நாம் தொட்டுப் பார்க்க என்ன மிஞ்சியிருக்கிறது? ஆனால் அதே முறையில் பஞ்சாபின் பாட்டியாலாவில் 1907இல் தொடங்கி 1927இல் நின்றுபோன வண்டியின் நீராவி எஞ்சின் ஒன்று, கேட்பாரற்றுக் கிடந்த நிலையில் 1962இல் கண்டறியப்பட்டது. அமிர்தசரஸ் ரயில்வே பணிமனைத் தொழிலாளர் அதனைச் செப்பனிட்டனர். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம்.

இனிப் படகுக்கு வருகிறேன். உலகில் மீட்டெடுக்கப்பட்ட மோட்டார் படகுகளுள் மிகவும் பெயர் பெற்றது, இங்கிலாந்தின் ‘புளூபேர்டு’ என்னும் வேகப் படகு. டொனால்டு காம்பெல் என்பவர் அதனை ஓட்டி 1955 முதல் 1964 வரை ஏழு முறை நீர்மேல் உலக வேகச் சாதனை புரிந்தார். ஏழாவது முறை, 1964 டிசம்பர் 31இல், மணிக்கு 276 மைல். 1967 ஜனவரி 4ஆம் நாள் கானிஸ்டன் ஏரியில் 300 மைலை எட்ட முயன்றபோது படகு மூக்கு நிமிர்ந்து, வானில் எழும்பிப் புரண்டு, அவரோடு ஏரியில் மூழ்கிற்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் நீரின் அடியில் கிடந்த பின்னர், பில் ஸ்மித் என்னும் பொறியாளரும் அவருடைய குழுவினரும் 2001 மார்ச் 8இல் அதனை மேலே கொணர்ந்தனர். அதே ஆண்டு மே மாதம் காம்பெலின் உடலும் கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததே நமக்குப் பாடம். அக்குழுவினர் ஊதியமின்றிப் பல ஆண்டுகள் உழைத்தனர். நெளிந்த தகட்டை எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைப்பது எளிது; அவர்கள் அப்படிச் செய்யாமல், இயன்றவரை பழைய தகட்டையே நிமிர்த்தி மீண்டும் பொருத்தினர். ஜெட் எஞ்சின் மட்டும் அதே வகையைச் சேர்ந்த வேறொன்று. 2018 ஆகஸ்டு மாதம் ஸ்காட்லாந்தின் ஓர் ஏரியில் அப்படகு மீண்டும் நீரைக் கிழித்து ஓடிற்று. கரையில் நின்றோர் கண்ணீர் விட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் படகு யாருடையது? மூழ்கிய படகைக் காம்பெலின் குடும்பத்தார் கானிஸ்டனில் உள்ள ரஸ்கின் அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டனர். செப்பனிட்டவர்களோ, தாங்கள் புதிதாகச் செய்து சேர்த்த பகுதிகளில் தங்களுக்கும் உரிமை உண்டு என்றனர். ஓடிய படகு மறுபடியும் ஓடாமல் நின்றது. வழக்குவரை சென்ற பிணக்கு ஒருவாறு தீர்ந்து, 2024 மார்ச் மாதம் படகு கானிஸ்டனுக்கு வந்து சேர்ந்தது. இரு தரப்பாரும் நல்ல எண்ணத்தோடு தொடங்கிய வேலைதான் அது. செப்பனிட்ட பின் யாருக்கு என்ன பங்கு என்பதைத் தொடக்கத்திலேயே ஐயத்துக்கு இடமின்றி எழுதி வைத்திருந்தால் அத்தனை ஆண்டுகள் வீணாகியிரா என்பது என் கருத்து.

உழைப்பு நம்முடையது, காகிதம் பிறருடையது என்னும் நிலை நமக்குப் புதிதன்று. 1892ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு நம் மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் எத்தனை ஊர்களில் பிறர் கைக்கு மாறின என்பதை இங்குள்ள முதியோர் எனக்கே சொல்லித் தருவர். எனவே, தம்பிமார்களே! ஸ்பேனரை எடுக்குமுன் பேனாவை எடுங்கள். விற்பவர் உண்மையில் உரிமையாளர்தானா, படகை வாங்கிய ரசீது உண்டா, எஞ்சின் எண் அந்த ரசீதோடு பொருந்துகிறதா, டிரெய்லருக்குப் பதிவு எண் உண்டா என்று பாருங்கள். ‘எடுத்துக்கொண்டு போ, யார் கேட்கப் போகிறார்கள்’ என்று வாய்ச்சொல்லாகத் தருவதை வாங்காதீர்கள். நாளை ஒருவர் கேட்பார்; அன்று திருட்டுப் பட்டம் நம் பிள்ளைகள் தலையில்தான் விழும். விற்பனைப் பத்திரம் எழுதி, இரு சாட்சிகளின் கையொப்பமும் பெறுங்கள். நீங்கள் இருவர் மூவர் சேர்ந்து முதல் போடுவதாயின், உங்களுக்குள்ளும் ஒரு பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். நட்பு கெடும் என்று கூசாதீர்கள். எழுதாமையால் கெட்ட நட்பே மிகுதி. இன்னொன்று. உள்நாட்டு நீரில் ஓடும் எந்திரப் படகுகளுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டம் நீங்கி, 2021இல் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்துள்ளது. ஆய்வுச் சான்றும் பதிவுச் சான்றும் இன்றிப் பயணிகளை ஏற்ற இயலாது. நீங்கள் கண்வைத்திருக்கும் ஆனையிறங்கல் ஏரியோ கேரள மாநிலத்தது. அங்குள்ளவர்களின் அனுமதியும் வேண்டும்.

காகிதம் சரியானால் பொருளைப் பார்க்கலாம். இது ஃபைபர் படகு. கண்ணாடி இழை மட்காது என்று நம்பி ஏமாறுவோர் பலர். இழை மட்காதுதான், அதனுள் பொதிந்த பலகை மட்கும். எஞ்சினைத் தாங்கும் பின்பலகையும், தளத்துக்கு அடியில் நீளவாட்டில் ஓடும் கட்டைகளும் பெரும்பாலும் இழையால் போர்த்திய மரமே. திருகாணித் துளை வழியே உள்ளே புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றி அம்மரத்தைத் தின்றுவிடும். மேலே பூச்சு பளபளக்கும். சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஓரடிக்கு ஓரிடமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீர் என்று ஒலிக்கும். மட்கிய இடம் ஊறிய பூசணியைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் மெல்லிய துளை ஒன்றிட்டு, வரும் தூளைப் பாருங்கள். உலர்ந்து வெளுத்திருந்தால் நன்று. ஈரமாகக் கறுத்திருந்தால் அப்பகுதியை வெட்டியெடுத்து, நீர் தாங்கும் பிளைவுட் வைத்து, ரெசினும் கண்ணாடிப் பாயும் கொண்டு கட்டியே தீரவேண்டும். நம் மலையில் சாரல் காலத்தில் ரெசின் வேலை வேண்டாம். ஈரம் உள்ள பரப்பில் அது பிடிக்காது. மாசி, பங்குனி வெயிலே அதற்கு ஏற்றது.

தளத்துக்கு அடியில் மிதப்புக்காக அடைத்த நுரை பல ஆண்டு மழையில் நீரைக் குடித்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, எடைக்குத் தெரியும். போடியில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. டிரெய்லரோடு படகை ஒருமுறையும், வெறும் டிரெய்லரை ஒருமுறையும் நிறுத்துக் கழித்துப் பாருங்கள். படகு செய்தவர் குறித்த எடையைவிட நூறு கிலோ மிகுந்தால், அந்த நூறும் நீங்கள் விலை கொடுத்து வாங்கும் மழைநீரே!

எஞ்சின், பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின். டீசல் படித்த தம்பிமார் இங்கே கவனிக்க. இது டூ ஸ்ட்ரோக் வகை. மசகெண்ணெய் தனித்தொட்டியில் இராது, பெட்ரோலோடு கலந்தே செல்லும். ஐம்பதுக்கு ஒன்றா, இருபத்தைந்துக்கு ஒன்றா என்பதை எஞ்சினுக்குரிய கையேட்டைப் பார்த்து அறிக. ஊகத்தால் கலந்தால் பிஸ்டன் கடித்து நின்றுவிடும். நெடுநாள் கிடந்த எஞ்சினைக் கண்டவுடன் கயிற்றை இழுத்துப் பார்ப்பது நம் பிள்ளைகளின் வழக்கம். துருவேறிய சிலிண்டரில் அவ்வொரு இழுப்பே போதும், பிஸ்டன் வளையம் ஒடிய. முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளையில் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுப் பின்னர் கையால் மெல்லச் சுழற்றுங்கள். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாய் உறைந்திருக்கும். முழுதும் பிரித்துக் கழுவவேண்டும். கீழே கியர் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் சீல் போய் நீர் புகுந்துவிட்டது என்று பொருள். இவ்வெஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரி நீரையே உறிஞ்சிக் குளிர்கிறது. உறிஞ்சும் ரப்பர் இம்பெல்லர் பல ஆண்டு சும்மா கிடந்தால் மடங்கி விறைத்துவிடும். அதனை மாற்றாமலும், அடிப்பகுதி நீர் நிறைந்த டிரம்மில் மூழ்காமலும் ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள்.

டிரெய்லரை எல்லோரும் மறந்துவிடுவர். எனக்கோ படகைவிட அதன்மீதுதான் அச்சம் மிகுதி. போடிமெட்டிலிருந்து முந்தல் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் என்பதை நீங்கள் அறிவீர்கள். படகு டிரெய்லருக்கு ஒரு தனி நோய் உண்டு. ஓடிச் சூடேறிய சக்கரத்தை ஏரி நீரில் இறக்குவர். ஹப்பின் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது நீரை உள்ளிழுக்கும். அந்நீர் கிரீஸைக் கெடுத்துப் பேரிங்கைத் துருவேற்றும். வெளியே எதுவும் தெரியாது. டயரில் பட்டன் நன்றாக இருந்தாலும் பக்கச்சுவர் வெயிலில் வெடித்திருந்தால் அது டயர் அன்று. ஆகவே முதற்பயணத்தில் அதனைத் தன் சக்கரத்தில் இறக்காதீர்கள். படகையும் டிரெய்லரையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். வாடகை உறைக்கும், உறைக்கட்டும். போடியில் பேரிங், டயர், ஸ்பிரிங் பட்டை, கொக்கி, காப்புச் சங்கிலி ஆகியவற்றை மாற்றிய பிறகே அதனை வண்டியின் பின்னால் பூட்டலாம். பூட்டும்போது மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமரவேண்டும். பின்பாரம் மிகுந்தால் டிரெய்லர் வாலாட்டும். இழுக்கும் வண்டியையே பள்ளத்தில் தள்ளிவிடும்.

இனி, சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. 2002 ஜூலை 27இல் கேரளத்தின் குமரகத்தருகே அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய பழைய பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்தனர். அரசு வேலைக்கான தேர்வு எழுதச் சென்றுகொண்டிருந்தோர் பலர் அப்படகில் இருந்தனர். கையில் நுழைவுச்சீட்டோடு புறப்பட்ட பிள்ளைகள்! 2009 செப்டம்பர் 30இல் நம் கம்பம் பள்ளத்தாக்கை அடுத்த தேக்கடியில் ஈரடுக்குப் படகு ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். அது புதிய படகே. 2023 மே 7இல் மலப்புறம் மாவட்டத்துத் தானூரில் 22 பேர் இறந்தனர். அதுவோ மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியது.

மூன்றாவதை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அப்படகையும் ஒரு மெக்கானிக் செப்பனிட்டிருப்பார். எஞ்சின் ஓடத்தான் செய்தது. ஒரு காரியத்துக்கெனச் செய்த படகின் மேல் கூரையும் மாடியும் ஏற்றினால் ஈர்ப்பு மையம் மேலே போகும். ஆட்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் நிமிராது. நம் இளைஞரின் திட்டத்தில் கூரையும், அதன்மேல் ஏறி நின்று படம் எடுக்க ஏணியும் இருந்தன. அவ்விரண்டையும் கைவிடும்படி நான் வேண்டிக்கொண்டேன். ஆள் மிகுந்தால் வருவாய் மிகும் என்றனர். விடியுமுன் நம் தாய்மாரை ஜீப்பில் அடைத்து ஏலத்தோட்டத்துக்கு ஏற்றிச் செல்வோரும் அதே கணக்கைத்தான் சொல்லுகின்றனர்.

கணக்குப் போடுவதாயின் மணல் மூட்டையால் போடுவோம். ஓராளுக்கு 75 கிலோ. ஐவருக்கு 375 கிலோ. ஆழமில்லாத நீரில், உரிய அனுமதியோடு, ஆளின்றி அம்மூட்டைகளை முதலில் நடுவிலும் பின்னர் எல்லாவற்றையும் ஒரே பக்கத்திலும் வையுங்கள். நீர்மட்டத்துக்கு மேல் படகின் விளிம்பு எத்தனை விரற்கடை நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். நீர் உள்ளே வழிந்தால் ஐவர் இல்லை, நால்வர். நால்வருக்கும் வழிந்தால் மூவர். நீங்கள் எழுதிய அவ்வளவு ஆய்வுச் சான்றுக்கு ஈடாகாது. விண்ணப்பிக்குமுன் நீங்களே அறிந்துகொள்வதற்கு அது உதவும். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை எட்டாண்டுக்கு முன் கரும்பலகையில் நான் எழுதிப்போட்டபோது பின்வரிசையில் உறங்கியவர்கள் இப்போது விழித்துக்கொண்டிருப்பது எனக்கு மகிழ்ச்சியே.

படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் எஞ்சினும் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வகைதான். ஓடாமல் மூலையில் கிடக்கும் அத்தகைய எஞ்சின் ஒன்றைத் தோட்டக்காரர் ஒருவர் நமக்குத் தந்திருக்கிறார்; ரசீதும் வாங்கிவிட்டேன். வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, சங்கக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் அதனைப் பிரிக்கப் போகிறோம். மாணவிகளும் வரவேண்டும். பிரிக்கும் ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் வரிசையாக எழுதிக்கொள்ள ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டுவருக. ஸ்பேனர் உள்ளவர்கள் அதையும் கொண்டுவருக.